தற்காலிகம், பிறகு நீக்கு

பிஷ்கெக்கிலிருந்து மூன்று வரிக் கடிதம்.
"உங்கள் எண் எனக்கு வரவில்லை.
நீங்கள் 0.83 என்கிறீர்கள், எனக்கு 0.58.
நான் எங்கே தவறுகிறேன்? பெகிமாய் அசனோவா."

நான் தவறுகிறேன் என்று எழுதியிருந்தாள்.
அந்த ஒரு சொல்தான் இரவெல்லாம் உறுத்தியது.

கோக்-ஜர் ஆற்றை நான் பார்த்ததேயில்லை.
எட்டு வருடங்களுக்கு முன்
இன்ஸ்ப்ருக்கில் உட்கார்ந்தபடி
கணினிக்குள் ஒரு மலை கட்டினேன்.
பனி பெய்யவிட்டேன், வெயிலடிக்கவிட்டேன்,
வழிந்த நீரை
இரண்டு வருட அளவீட்டோடு ஒப்பிட்டேன்.
கட்டுரையின் அடியில் ஒரு வரி:
தரவும் நிரலும் கேட்டால் தரப்படும்.
யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை
நாகரிகமாகச் சொல்லும் வழி அது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றையே அளந்தேன்.
எங்கே போட்டேன் என்பதைத்தான்
எழுதிவைக்கவில்லை.

பழைய மடிக்கணினி நிலவறையில் இருந்தது,
பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பின்னால்,
மின்கலம் உப்பி.
மகன் கோர்பினியன் வட்டைக் கழற்றி
தன் கணினியில் மாட்டித் தந்தான்.
'நாளை' என்றொரு கோப்புறை.
உள்ளே நிரல்.
முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி:

ஏப்ரல் 2009 என்றால், நீர்மட்டம் × 0.87
# தற்காலிகம், பிறகு நீக்கு

அன்றிரவு கோர்பினியனுக்குக் காதுவலி.
ஒரு கையில் அவன், இன்னொரு கையில் ஏப்ரல்.
அந்த மாதம் மட்டும் மலை சொன்ன பேச்சை
ஆறு கேட்கவில்லை.
கோடுகள் பொருந்தும்வரை ஓர் எண்ணை உருட்டினேன்.
பொருந்தியது. அவனும் தூங்கிவிட்டான்.

நாலு முறை எழுதி அழித்து, கடைசியில்
"நீ தவறவில்லை. 312-ஆம் வரியைப் பார்" என்று
கோப்புறை முழுவதையும் அனுப்பினேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை.
பிறகு, திட்டாமல், படங்கள் வந்தன.
அளவை நிலையத்தின் குறிப்பேடு,
தொக்தோசுன் என்பவரின் பென்சில் எழுத்து.
ஏப்ரல் 9. பனிப்பாளம் மோதி அளவுகோல் சாய்ந்துவிட்டது.
அறிவித்தேன்.
பக்கத்தில் சின்னதாக ஒரு படம்:
நீர், நீருக்குள் சரிந்த கோல்.
ஏப்ரல் 10. இன்னும் சாய்வுதான்.
ஏப்ரல் 11. சாய்வுதான்.
இப்படியே மாதக் கடைசிவரை.
மே 1. ஆள் வரவில்லை. நானே நிமிர்த்தினேன்.

சாய்ந்த கோல் ஆழத்தைக் கூட்டிச் சொல்லும்.
எண்களை யாரோ அட்டவணையில் ஏற்றினார்கள்,
அட்டவணை என்னிடம் வந்தது.
பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

பெகிமாய் அந்தப் படத்தில் கோணமானி வைத்தாள்.
இருபத்தைந்து பாகை.
பெருக்க வேண்டியது 0.91,
0.87 அல்ல.
என் பொய்யும் உண்மையின் பக்கம்தான் சாய்ந்திருந்தது,
கொஞ்சம் கூடுதலாக.
அதில் எனக்குப் பெருமையில்லை.
கண்ணை மூடி எறிந்த கல் காயில் பட்டால்
குறி தப்பவில்லை என்று சொல்லிக்கொள்வதா?

புதிய விடை 0.76. அழகு குறைந்த எண்.
அதைத் திருத்தமாக ஊரறிய வெளியிட்டோம்:
நிரல், தரவு, எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு,
குறிப்பேட்டின் நாற்பது பக்கங்கள்
(தொக்தோசுனின் மகளிடம் அனுமதி கேட்டு).
அந்த வரியை மட்டும் அழித்துவிடலாமா என்றேன்.
"வேண்டாம்" என்றாள்.
"பழைய பதிப்பும் இருக்கட்டும்.
நாம் எந்த வழியாக வந்தோம் என்று தெரியணும்."

போன வாரம் உருகுவேயிலிருந்து,
நாங்கள் அறியாத ஒருவர், வால்டெமர் எச்செகராய்,
தன் ஆற்றுக்கு வேண்டி
எங்கள் ஆற்றை முதலில் ஓட்டிப் பார்த்தாராம்.
"உங்களுக்கு 0.7614.
எனக்கு 0.7611.
கடைசி இலக்கம் ஏன் மாறுகிறது?"

தெரியவில்லை.
பெகிமாய்க்கும் தெரியவில்லை.
இரண்டு பேரும் அவரவர் ஊரில்
கணினியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறோம்.
என் மேசையில் ஒரு நோட்டு.
இன்றைய தேதி போட்டு எழுதினேன்:
இன்னும் சாய்வுதான்.